உடும்புத் தோல் கஞ்சிராவும் என் தொண்டையும்

டிசம்பர் 9, 2024

காலையில் வாட்ச்மேன் அம்மாசி பெல்லை அழுத்தியபடியே நின்றான். "சார், உன் காராண்ட முதலைக்குட்டி கீது சார்! நீயே வந்து பாரு, நான் கிட்ட போமாட்டேன்."

முதலை இல்லை, உடும்பு. அடையாறு முகத்துவாரத்திலிருந்து ஊர்ந்து வந்திருக்க வேண்டும். மெயின்டனன்ஸ் கட்டாமல் எங்கள் அப்பார்ட்மென்டில் இருப்பவர்களில் சத்தம் போடாத ஒரே ஆள்.

வனத்துறையிலிருந்து ஓர் ஆபீசர், கூட சாக்கோடு இரண்டு பேர். ஆபீசருக்கு ஓர் அருமையான குரல்: இரண்டு செருமல், அப்புறம் "நான் சொல்றது என்னன்னா", அதற்கப்புறம்தான் விஷயம். "நான் சொல்றது என்னன்னா, அடிச்சாதான் குத்தம்னு இல்ல. தோலை வீட்ல வெச்சிருந்தாலே குத்தம். உள்ள போவணும்."

பக்கத்தில் மூன்றாம் மாடி சுப்புராயன். முகத்தில் ரத்தமே இல்லை. கஞ்சிரா வித்வான். அவன் கஞ்சிராவில் இருப்பது உடும்புத் தோல். அவனுடைய குரு கொடுத்தது. இப்போது எல்லோரும் ஆட்டுத்தோலுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அந்த அடித்தொண்டை 'கும்' ஆட்டுக்கு வராது. சுப்பு என்றால் ஊருக்கு அந்த 'கும்'தான் ஞாபகம் வரும்.

மத்தியானம் பாத்ரூமில் ஆபீசர் குரலைப் பழகினேன். வெளியிலிருந்து புஷ்பம், "ஏங்க, உள்ள யாரு கூட இருக்கீங்க?" என்றாள். முப்பது வருஷ மிமிக்ரி வாழ்க்கையில் மனைவி தந்த முதல் பாராட்டு.

டிசம்பர் 12

சுப்பு ஜாங்கிரியோடு வந்தான். இருபத்தாறாம் தேதி, மாலைக் கச்சேரி, பாடகி ஷண்முகப்ரியாவுக்கு வாசிக்க. இத்தனை வருஷமும் மத்தியானக் கச்சேரிதான் வாசித்திருக்கிறான், சபா கான்டீனில் சாப்பிட்டுவிட்டு ஏசியில் தூங்க வருகிறவர்களுக்கு. "அவளே கேட்டாளாம்டா. அந்தக் கும் இல்லாம மேடை ஏற மாட்டேன்னாளாம்." கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

அதே சபாவில் இந்த வருஷம் என் நகைச்சுவை நிகழ்ச்சியை எடுத்துவிட்டார்கள். "சிரிப்பெல்லாம் இப்ப போன்லயே வருதே சார்" என்றார் செகரட்டரி.

எனக்குப் பொறாமை இல்லை. நாட்குறிப்பிலேயே பொய் எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டிசம்பர் 15

சுப்பு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்கிறான். உடும்பு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

டிசம்பர் 18

காலையில், நிகழ்ச்சி புக்கிங்குக்காக வாங்கிய இரண்டாவது போனிலிருந்து சுப்புவைக் கூப்பிட்டேன். இரண்டு செருமல். "ரேஞ்ச் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். நான் சொல்றது என்னன்னா, உங்க வீட்ல தோல் பொருள் ஒண்ணு இருக்கறதா தகவல். நாளைக்குக் காலையில வரோம்."

"எங்க குரு கொடுத்தது சார்..."

"குருவையும் வரச் சொல்லுங்க."

"அவர் காலமாயிட்டார் சார்."

தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தேன். அரை மணி கழித்து மாடியேறி, அதே குரலில் கதவைத் தட்டிச் சிரிக்க வைப்பதாகத் திட்டம். நடுவில் மயிலாப்பூரிலிருந்து சிநேகிதன் ஜவஹர் கூப்பிட்டுவிட்டான், சபா கான்டீனில் அக்கார அடிசிலாம். போனால் ஒரு பாடகர் வீட்டு மாமியார் மருமகள் சண்டை வேறு, முதல் தரமான தகவல். சுப்பு ஞாபகம் வந்தபோது கையெல்லாம் நெய். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் திரும்பினால் படிக்கட்டெல்லாம் முடி கருகிய வாடை. "மூணாவது மாடி சாமி இன்னாத்தையோ கொளுத்திக்கினு கீறாரு சார். கேட்டா சமையல்ன்றாரு" என்றான் அம்மாசி.

ஓடினேன். அடுப்புமேடையில் கத்தரிக்கோல், கருப்பாகச் சாம்பல். மேஜைமேல் வெறும் பலாமர வளையம், ஜல்லென்று ஒலிக்கக் கோத்த காசுகளோடு.

"தோல் இருந்தாத்தானே கேஸ்? வளையத்துக்குக் கேஸ் கிடையாதே?" என்று கேட்டான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்த ஆபீசர் நல்லவர்டா கருணா. முன்கூட்டியே சொன்னார் பாரு. கொளுத்தறதுக்கு முன்னாடி ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சு ஒரு தடவை வாசிச்சேன். நன்னாத்தான் பேசித்து."

சொல்ல வாயைத் திறந்தேன். "காபி இருக்கா?" என்று வந்தது.

எப்படிடா சொல்றது? வெளாட்டுக்குத்தான்னா? அவன் கொளுத்துவான்னு எனக்குத் தெரியுமா என்ன? — தெரியாது. தெரியாதுதான்.

டிசம்பர் 19

விடிந்ததிலிருந்து சுப்பு இஸ்திரி போட்ட வேட்டியோடு ஹாலில் உட்கார்ந்திருந்தான். ஆபீசர் வரவில்லை.

"போன் பண்ணிக் கேட்டுடறேனே. எல்லாம் கிளியர்னு அவர் வாயால சொல்லிட்டார்னா நிம்மதி." அவனிடம் இருப்பது பட்டன் போன். நம்பரைத் தேடி எடுத்து அழுத்தினான். என் சட்டைப்பையில் அதிர்ந்தது. சைலன்ட்டில் போட்டிருந்தது என் முன்னோர் செய்த புண்ணியம். நெஞ்சோடு கையை வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"என்னடா, நெஞ்சு வலியா?" என்று பதறித் தண்ணீர் கொண்டுவந்தான்.

சிம்மை ஒடித்து முகத்துவாரப் பாலத்தின்மேல் நின்று எறிந்தேன்.

டிசம்பர் 26

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். சுப்பு கையில் இரவல் ஆட்டுத்தோல் கஞ்சிரா. ஹால் ஏசியில் தோல் விறைத்து, தகர டப்பா மாதிரி கத்தியது. தண்ணீர் தெளித்தான், நாதம் செத்துப்போனது. துடைத்தான், மறுபடியும் டப்பா. ஷண்முகப்ரியா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கொடுத்த கோர்வையை இவன் திருப்பி வாசித்தபோது எனக்குப் பின்னால் இருந்த மாமி, "கதவை யார் தட்டறா?" என்றாள்.

நல்ல ஜோக். நான் சொல்லியிருந்தால் கைதட்டு விழுந்திருக்கும்.

டிசம்பர் 29

ஜனவரிக் கச்சேரிகளுக்கு ஷண்முகப்ரியா வேறு ஆள் பார்த்துக்கொண்டாளாம். அவளே போன் செய்து, மரியாதையாகச் சொன்னாளாம்.

பிப்ரவரி 20, 2025

ஒரு கல்யாண ரிசப்ஷனில் நான் செய்த ஆபீசர் குரலை யாரோ படம் பிடித்து நெட்டில் போட்டுவிட்டார்கள். கோலமாவு வைத்திருந்ததற்காக ஒரு மாமியை வனத்துறை பிடிக்கிற கதை. ஊரெல்லாம் "நான் சொல்றது என்னன்னா" என்கிறது. அதே செகரட்டரி போனில், "சார், எங்கள மறந்துட்டீங்களே!"

நல்லவேளை, சுப்புவின் பட்டன் போனில் படம் ஓடாது.

ஏப்ரல் 6

மாணவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். சுப்பு பகலெல்லாம் அம்மாசியோடு கேட்டில் உட்கார்ந்திருக்கிறான். "உங்க ஷோவுல ஜோக்குக்கு ஜோக் 'டக்'குனு தட்ட ஆள் வேணும்னீங்களே, அவரைக் கூப்பிட்டா என்ன?" என்றாள் புஷ்பம். கேட்டேன். உடனே சரி என்றான். நன்றி வேறு சொன்னான்.

என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஜூன் 14

தி. நகர். ஹால் நிறைந்திருந்தது. சுப்பு என் இடது பக்கம், பிளாஸ்டிக் தோல் போட்ட கஞ்சிராவோடு. அரசியல் ஜோக், டக். சம்பந்தி ஜோக், டக். ஓர் இடம் பிசகவில்லை.

சுப்பு பக்கத்தில் இருப்பதால் ஆபீசர் குரலை வேண்டுமென்றேதான் நிகழ்ச்சியிலிருந்து நீக்கியிருந்தேன். கடைசியில் பின்வரிசையில் ஒருத்தன் "ஃபாரஸ்ட் ஆபீசர்!" என்று கத்தினான். அப்புறம் ஹால் முழுக்க. முடியாது என்று கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். கைதட்டலைக் கேட்ட பிறகு இறங்குவதற்கு எனக்குக் கால் கிடையாது.

இரண்டு முறை செருமினேன். "ரேஞ்ச் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். நான் சொல்றது என்னன்னா..."

சிரிப்பு. டக் வரவில்லை.

திரும்பினேன். சுப்புவின் கை தோலுக்கு மேல் அப்படியே நின்றிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வரி. வரவில்லை. அதற்கடுத்தது. வரவில்லை. அந்த மௌனத்தையும் ஜோக் என்று எடுத்துக்கொண்டு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குரலை விட்டு வேறு ஜோக்குக்குத் தாவினேன். டக்.

காரில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நான் பேசாமல் வந்த முதல் கார்ப் பயணம்.

ஜூன் 15

காலையிலேயே செகரட்டரி: "அந்த வித்வான் அடிக்காம உக்காந்திருந்தார் பாருங்க, அதுதான் சார் ஹைலைட். கோயம்புத்தூர், திருச்சி எல்லாம் கேக்கறாங்க. மாத்திடாதீங்க."

மாடியேறிப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. எது சொல்லப் போனேனோ அதைச் சொல்லவில்லை. செகரட்டரி சொன்னதைச் சொன்னேன்.

சுப்பு பிளாஸ்டிக் கஞ்சிராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தாராளமா. ஒரு ஊர் விடாம அந்தக் குரலைப் பண்ணு" என்றான். "நான் பக்கத்துலயே உக்காந்துண்டிருக்கேன்."