கொடிகாமத்தில் சொன்ன ‘ஓம்’

பருத்தித்துறை
05.10.2025

அன்புள்ள கௌரிக்கு,

சுகமாயிருப்பீர் என நம்புகிறேன். போனில் கதைத்தால் உம்மை ஒரு வசனம் முடிக்க நான் விடுவதில்லை என்று மகளிடம் சொன்னீராம். ஆகவே எழுதுகிறேன்.

கார்த்திகையில் நிவேதனாவின் கலியாணம். தாயும் தகப்பனும் சேர்ந்து வீட்டுக்கு வந்து சொல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் படி மிதிப்பார்களா? ஏழு வருடமாக நீர் புத்தூரிலும் நான் இங்கேயும் இருப்பது ஊரறிந்த கதைதான். என்றாலும் ஒரு நாள் என் காரில் ஏறி வாரும். ஞாயிறு காலை கொடிகாமம், பிறகு வரணி, நெல்லியடி, கடைசியில் பருத்தித்துறை. இருட்டுமுன் உம்மை வீட்டில் விடுவேன்.

பஞ்சலிங்கம்

புத்தூர்
07.10.2025

நிவேதனாவின் அப்பாவுக்கு,

வருகிறேன். முன் இருக்கையில் குவித்து வைத்திருக்கும் சாமான்களை இறக்கிவிட்டு வாருங்கள். நான் பின்னால் இருந்து வந்தால் உங்களை டிரைவர் என்று நினைப்பார்கள்.

ஜெயகௌரி

புத்தூர்
13.10.2025

நிவேதனாவின் அப்பாவுக்கு,

நேற்றைய பயணத்தின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரணிப் பக்கம் விதைத்த நெல் மழைக்கு முளைத்து நின்றதைப் பார்க்க மனம் குளிர்ந்தது. திரும்பும்போது வல்லை வெளியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் ஓட்டினீர்கள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் கொடிகாமத்தில் உங்கள் மாமி என் கையைப் பிடித்து, “பிள்ளை, இனி ரெண்டு பேரும் ஒண்டாய்த்தானே இருக்கப்போறியள்?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் நீங்கள், “ஓம் மாமி, ஒண்டாய்த்தான்” என்றீர்கள். மாமி அழுதேவிட்டார். நாங்கள் வரணியில் போய் இறங்குமுன் அவருடைய போன் அங்கே போய்விட்டது. வாசலிலேயே வாழ்த்தினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மாமி கேட்டது என்னை. நீங்கள் குடித்ததில்லை, அடித்ததில்லை, வேறு குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேள்வி எனக்கு, பதில் உங்களுடையது. அதனால்தான் புத்தூருக்கு வந்தேன்.

ஜெயகௌரி

பருத்தித்துறை
19.10.2025

அன்புள்ள கௌரிக்கு,

உமது கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபத்தில் இருந்தேன். ஒரு நல்ல வார்த்தை சொன்னது குற்றமா என்று. கோபம் தணிந்ததும் காரை எடுத்துக்கொண்டு தனியே கொடிகாமம் போனேன்.

“மாமி, அண்டைக்குச் சொன்னது என்ரை ஆசை. கௌரியிட்டை நான் கேக்கேல்லை” என்றேன்.

“உதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீ?” என்று ஏசினார். தேத்தண்ணிகூடத் தரவில்லை. வரணியிலும் நெல்லியடியிலும் சொன்னேன், சிரித்தார்கள். மகளின் கலியாணத்துக்குச் சொல்லிவிட்டு, பிறகு சொன்னதை வாபஸ் வாங்க ஊரூராய்த் திரிந்த தகப்பன் நான் ஒருவன்தான்.

இப்போது கேட்கிறேன். கலியாணம் முடிந்தபின் என்னோடு வந்து இருப்பீரா? எனக்கு விருப்பம். ஆனால் உமது பதில் வரும்வரை யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பஞ்சலிங்கம்

புத்தூர்
29.10.2025

அன்புள்ள நிவேதனாவின் அப்பாவுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, கோபிக்க வேண்டாம். கந்தசஷ்டி விரதம். கோயிலைச் சுற்றும்போதெல்லாம் உங்கள் கேள்விதான் கூடவே சுற்றியது. மகள் போனபின் இந்த வீடு எப்படி இருக்கும் என்றும் யோசித்தேன்.

தாரை வார்க்கும்போது உங்கள் பக்கத்தில் நிற்பேன். ஊருக்காக இல்லை, மனதாரத்தான்.

ஆனால் அதன்பின் நான் புத்தூரிலேயே இருப்பேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஏழு வருடத்துக்கு முன் நீங்கள் இப்படிக் கேட்டிருந்தால் வந்திருப்பேன். அதை நினைத்து அழுதேன், அதையும் சொல்லத்தானே வேண்டும். இப்போது என் காலையும் மாலையும் எனக்குப் பழகிவிட்டன.

இதைக் கொடிகாமம் மாமிக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். வரும் ஞாயிறு பஸ் ஏறிப்போய் நானே சொல்லிவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
கௌரி