ஜெனிஃபரைப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத விடுங்கள்

அனுப்புநர்
ர. கீர்த்தனா,
பத்தாம் வகுப்பு மாணவி,
சன்னதித் தெரு, திருவிடந்தை.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: கற்றல் குறைபாடுள்ள மாணவி ஜெனிஃபரைப் பள்ளியிலிருந்து அனுப்பாமல், சலுகைகளுடன் பொதுத்தேர்வு எழுத அனுமதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்த எல்லாவற்றையும் உண்மையாக எழுதுகிறேன். பள்ளியில் ஏற்கெனவே மனு கொடுத்து அலுத்துவிட்டதால் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

1. என் பெஞ்சில் உட்காரும் ஜெனிஃபருக்குப் பாடம் புரிகிறது, படிக்கத்தான் வரவில்லை. எழுத்துகள் ஓரிடத்தில் நிற்பதில்லை என்கிறாள். வாசித்துக் காட்டினால் அறிவியலில் எந்தக் கேள்விக்கும் வாயால் பதில் சொல்வாள். எழுதச் சொன்னால் ஒரு வரிக்குள் பாடவேளை முடிந்துவிடும்.

2. சிறப்பாசிரியர் நரசிம்மன் ஐயா வாரம் ஒரு நாள் வருகிறார். அவருக்கு வேறு பள்ளிகளும் உண்டு. வரும் நாளிலும், ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பிவிடுகிறார்கள்.

3. ஆகவே எட்டாம் வகுப்பிலிருந்து நான்தான் அவளுக்கு வாசிக்கிறேன். வேகமாகப் போனால், “இன்னாடி, ஈசிஆர் பஸ்ஸு மாதிரி நிக்காம போற?” என்பாள். சிரித்துவிடுவோம், வெளியே நிற்க வைப்பார்கள். ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்தவர்களிடம் என்னைக் காட்டி, இதுதான் எங்கள் ஏற்பாடு என்றார்கள். அன்று பெருமையாக இருந்தது. இப்போது களைப்பாக இருக்கிறது, ஐயா. அவளுக்கு எப்படிக் கற்றுத்தர வேண்டும் என்று எனக்குத் தெரியாது. வாசிக்க மட்டுமே தெரியும்.

4. தேர்வில் அவள் சொல்வதை எழுத ஒருவரும் கூடுதல் நேரமும் கிடைக்க, மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். அதற்குப் பள்ளியின் பரிந்துரை வேண்டும். மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் துணி துவைக்கும் அவள் அம்மா பிரிசில்லா வந்து கேட்டார். “வாய் மட்டும் வக்கணையா பேசுறாளே, இவளுக்கு என்ன குறை? சோம்பேறித்தனம்” என்று தலைமையாசிரியையிடமிருந்து பதில் வந்தது.

5. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் அம்மாவை மீண்டும் அழைத்தார்கள். ஜெனிஃபர் எழுதினால் தேர்ச்சி விழுக்காடு குறையும், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தனித்தேர்வராக எழுதட்டும் என்றார்கள். அவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: “இன்னா மேடம், பொண்ணு நல்லாத்தான் கீறான்னு சொன்னதும் நீங்கதான். இப்ப வூட்டுக்கு இட்டுகினு போன்னு சொல்றதும் நீங்கதான். எத நம்புறது?” எனக்கும் விளங்கவில்லை.

6. வரும் வெள்ளிக்கிழமை மாற்றுச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட அவள் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறார்கள். போட்டுவிட்டால் அவளும் அம்மாவோடு துணி துவைக்கப் போவாள். விடுதி மேலாளர் இப்போதே அவளை வேலைக்குக் கேட்டுவிட்டார்.

எனவே, அதற்குள் மாற்றுச் சான்றிதழைத் தடுத்து, பரிந்துரையை அனுப்பச் சொல்லவும், நரசிம்மன் ஐயாவை வரும் நாளில் அவளுடன் இருக்கவிடவும் பணிவோடு வேண்டுகிறேன். என்னை அந்த பெஞ்சிலிருந்து மாற்ற வேண்டாம். தோழியாக உட்கார்ந்துகொள்கிறேன்.

இடம்: செங்கல்பட்டு
நாள்: 27.10.2025

இப்படிக்கு,
ர. கீர்த்தனா
ஜெனிஃப

குறிப்பு: நேரில் தரவே நானும் ஜெனிஃபரும் அவள் அம்மாவும் வந்தோம். தாங்கள் பள்ளிகளைப் பார்வையிடப் போயிருப்பதாகச் சொன்னதால் அலுவலக மனுப் பெட்டியில் போடுகிறோம். ஜெனிஃபர் தானும் கையெழுத்திடுவேன் என்றாள். அவள் பெயரை முடிப்பதற்குள் வராந்தா விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.