இருநூறுக்கு மேல் போகாதே

நாள் 212. காலை 9:10. டைட்டன் நிலையம்.
எழுதுவது பேச்சியம்மாள், விமானப் பொறியாளர். சனிக்கோளின் இந்த நிலவில் ஆள் என்று இருப்பது நானும் விமானி இசக்கியும்தான். கூடப்பிறந்த தம்பி. எஞ்சின் அதிர்வில் கை மரத்துப்போகிறது என்று ஒரு மாதமாக என் உயிரை வாங்கினான். நேற்று எஞ்சின் தாங்கிகளில் மெத்தென்ற ரப்பர் போட்டுக் கொடுத்தேன். குட்டி ஓடுபாதையில் எழும் சரக்கு விமானம் இது, துரைக்குச் சொகுசு கேட்கிறது. இன்று வடமுகாமின் சூடான கொட்டகையிலிருந்து பனி மாதிரிகளோடு திரும்புகிறான்.

11:32
வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். ரேடியோவில் இசக்கி:
"அக்கா, வலது புரொப்பல்லர் தலையச் சுத்துது! பம்பரம் சாயப்போற மாதிரி!"
தாங்கி இளகியிருந்தால் வேகத்தில் இப்படித்தான் ஆகும். புரொப்பல்லர் அச்சோடு சேர்ந்து வட்டமடிக்கும், விட்டால் இறக்கையைப் பிய்த்துவிடும். பட்டறையில் நான் அளந்த வரம்பு 200, அதற்குக் குறைக்கச் சொன்னேன். அடங்கியது. நான் போட்ட ரப்பர்தான், வேறென்ன.

11:36
அந்த உலுக்கலில் விமானி அறைச் சூடேற்றியின் கம்பி அறுந்துவிட்டது. வெளியே மைனஸ் 179. இனி அவனுக்குச் சூடு மாற்று பேட்டரியில்தான், ஐம்பது நிமிடம். மிச்சம் இருநூறு கிலோமீட்டர்.
"இருநூத்தி நாப்பதுல வந்தா சரியா வந்துருவேன்லா. கூட்டட்டுமா?"
"வேண்டாம்ல! ரெக்கை பிஞ்சிரும். இருநூறுக்கு மேல போவாத. கடைசிப் பத்து நிமிசம் பல்லக் கடிச்சிக்கோ."
"நீ சொன்னா சரிதான்க்கா."

11:50
"இப்போ ஆட்டமே இல்லக்கா. கல்லு மாதிரி நிக்குது. கொஞ்சம் கூட்டிப் பாக்கட்டா?"
கூடாது என்றேன். அதட்டினேன்.

12:26
பேட்டரி தீர்ந்தது. "விரலு தெரியல." தானியங்கிக்கு மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டான்.

12:31
பேசிக்கொண்டே இரு என்கிறேன்.
"பேசுதேன்... பேசுதேன்க்கா..."

12:37
விமானம் தானாக இறங்கியது. பாதி ஓடுபாதையிலேயே நின்றுவிட்டது. ஒரு கீறல் இல்லை. கதவைத் திறக்கப் போகிறேன்.

16:20
உயிர் இல்லை. சூடான அறைக்குத் தூக்கி வந்து இரண்டு மணி நேரம் நெஞ்சை அழுத்தினேன். கை ஓய்ந்த பிறகுதான் விட்டேன்.

18:05
விமானத்தின் பதிவுக் கருவியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.
கொட்டகையை விட்டு எழும்போது ரப்பருக்கு நல்ல சூடு, அதனால்தான் அந்த ஆட்டம். கால் மணி நேரத்தில் குளிரில் இறுகிவிட்டது. அதற்குப் பிறகு முந்நூறு வரை போயிருக்கலாம். குளிரில் ரப்பர் இறுகும் என்பது முதலாமாண்டுப் பாடம். பட்டறைச் சூட்டில் அளந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அவன் சொன்னானே, கல்லு மாதிரி நிக்குது என்று. இரண்டு தடவை கேட்டானே.

இதைக் கண்டெடுப்பவருக்கு. விமானத்தில் கோளாறு என்று எழுதாதீர்கள். விமானி மேல் ஒரு சொல் குற்றமும் வேண்டாம். விபத்துப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் இதை மட்டும் எழுதுங்கள்:
அக்கா சொன்னதைக் கேட்டான்.