ஆறாவது கியரும் மாப்பிள்ளையும்

மார்ச் 3, திங்கள்

கண்ணாடிக் கடையில் இன்று நல்ல கூட்டம். கண் பரிசோதிக்க வந்தவர்களில் ஒரு பெரியவர், எந்த லென்ஸைப் போட்டாலும் "நல்லா தெரியுதும்மா" என்றார். சந்தேகம் வந்து, லென்ஸே இல்லாத வெறும் சட்டத்தை மாட்டிக் கேட்டேன். அதிலும் நன்றாகத் தெரிகிறதாம். என் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறார், பாவம். இந்த மாதிரி ஆட்களுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே ரகத்தில் ஒருவர். மாப்பிள்ளை. அவர்கள் இருந்த வீட்டில் குழாய் வெடித்துச் சுவரெல்லாம் ஊறிப்போனதால், மகளும் அவரும் போன மாதம் இங்கே வந்தார்கள். டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறதா? பரவாயில்லை அத்தை. அறை புழுக்கமா? பரவாயில்லை அத்தை. என் வீட்டுக்காரர் அவருக்குப் 'பரவாயில்லை' என்றே பெயர் வைத்துவிட்டார். "பரவாயில்லை இன்னும் வேலையிலேர்ந்து வரலையா?" என்று என் காதோரம் கேட்கிறார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

மார்ச் 5, புதன்

மகள் காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். துணி மடிக்கும்போது வாயைப் பிடுங்கினேன்.

"அவருக்கு இங்க விருந்தாளி மாதிரியே இருக்காம்மா. ஃபேன் போடக்கூட என்னைக் கேக்கறாரு. இந்த மாசம் பாக்கறேன். அப்படியே இருந்தா நாங்க வேற வீடு பாத்துக்கறோம்."

சரி, உங்கள் இஷ்டம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். என்ன பெருந்தன்மை! மாடி அறை காலியாகத்தானே கிடந்தது? இவர்கள் இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்: அவர்கள் போகக்கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலை முடிந்து வந்தால் ஹாலில் உட்கார்ந்து டிவியில் கார் ரேஸ் விளையாடுகிறார். அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு. எங்களுக்குத் தொந்தரவாக இருக்குமாம். அத்தனை வண்டிகளும் மௌன ஊர்வலம் போகின்றன. சத்தம் வையுங்கள் மாப்பிள்ளை என்றேன். என்ன சொல்லியிருப்பார் என்று எழுதத் தேவையில்லை.

பேச வைக்க வேறு வழி தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றேன். மனிதர் எழுந்து நின்று, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் நீட்டினார்.

சுவரில் மோதினேன். திரும்பி எதிர்த்திசையில் போனேன். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று, "நிஜ வண்டியிலேயே ரெண்டாவது கியரைத் தாண்டாதவ" என்றார். கியரா என்று கேட்டபோதுதான் இந்த விளையாட்டில் கியரை மாற்றியமைக்கத் தனியாக ஒரு பக்கம் இருப்பது தெரிந்தது. மாப்பிள்ளை திறந்து காட்டினார்.

அடடா. ஒவ்வொரு கியருக்கும் ஒரு எண். எண்ணைக் குறைத்தால் கியர் நீளும். அப்போது உச்ச வேகம் கூடும், ஆனால் அதை எட்ட நேரம் எடுக்கும். எண்ணைக் கூட்டினால் கியர் குறுகும். வண்டி சட்டென்று பாயும், ஆனால் சீக்கிரம் மூச்சு வாங்கும். எல்லாக் கியரையும் சேர்த்து நகர்த்த ஃபைனல் டிரைவ் என்று தனியாக ஒன்று. ஒரு புள்ளி இந்தப் பக்கம், ஒரு புள்ளி அந்தப் பக்கம், எது தேவலை என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். இருபது வருடமாக நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையல்லவா இது?

மார்ச் 10, திங்கள்

ஒருவருக்கு வலது கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மூன்றாவது கியர் கொஞ்சம் நீளமோ என்று தோன்றியது. கடவுளே.

மார்ச் 13, வியாழன்

மாப்பிள்ளையை ஜெயித்துவிட்டேன்! நேற்றும் ஜெயித்தேன். இன்றைக்கு ஆறாவது கியரை நீட்டினேன், இன்னும் அதிக தூரத்தில் ஜெயித்தேன். மறுபடி நீட்டினேன். மறுபடி ஜெயித்தேன். அந்தப் பக்கத்தில் என் வண்டிக்கு உச்ச வேகம் முந்நூற்றுப் பத்து என்று போட்டிருக்கிறது. ஆரம்பத்தில் இருநூற்று அறுபதுதான் இருந்தது.

ஓடும்போது முள் இருநூற்று நாற்பதைத் தாண்டுவதில்லை என்பது உண்மைதான். என் விரல் இன்னும் பழகவில்லை போலிருக்கிறது. பழகிவிட்டால் தாண்டும்.

"எப்படி மாப்பிள்ளை இருக்கு நம்ம கியர்?" என்று கேட்டேன். நல்லா இருக்குங்க அத்தை என்றார். பரவாயில்லையிலிருந்து நல்லா இருக்குக்கு வந்துவிட்டோம். முன்னேற்றம்தானே?

மார்ச் 16, ஞாயிறு

மகள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சனிக்கிழமை சாயங்காலம் அவரவர் வீட்டிலிருந்தே ஜோடி ஜோடியாக இந்த ரேஸ் ஓடுவார்களாம். மாப்பிள்ளையின் ஜோடிக்கு மணிக்கட்டில் கட்டு. ஆள் இல்லை.

நான் வருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு கணம் திகைத்த மாதிரி இருந்தது. உடனே, ரொம்ப சந்தோஷங்க அத்தை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் கியர் அளவையே நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு வண்டியும் பறக்கட்டும் என்றேன்.

"சரிங்க அத்தை."

மார்ச் 21, வெள்ளி

ஆறாவது கியரை இன்னும் ஒரு புள்ளி நீட்டினேன். நாளைக்கு ரேஸ். மகளிடம், பார் உன் அம்மாவை என்றேன்.

மார்ச் 22, சனி

மண்ணைக் கவ்வினோம்.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கோபம். இன்றைக்கும் கோபம்தான், ஆனால் எழுதும் அளவுக்கு ஆறியிருக்கிறது.

பத்து வண்டிகள். வளைவில் எல்லோருடனும் ஒட்டித்தான் போகிறேன். நேர் ரோடு வந்ததும் ஆறாவது கியர் போடுகிறேன், வண்டி அப்படியே படுத்துவிடுகிறது. என்ன அழுத்தினாலும் ஏறவில்லை. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். முந்நூற்றுப் பத்தை எட்ட வேண்டுமானால் அந்த ரோடு பக்கத்து ஊர் வரைக்கும் போக வேண்டும். அது பாதியிலேயே வளைகிறது. நான் பத்தாவது. எனக்கு முன்னால் ஒன்பதாவதாக, அதே கியரோடு, அதே திணறலோடு, மாப்பிள்ளை.

அதோடு விட்டதா? ஸ்பீக்கரில் கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். கட்டைக் குரலில் ஒருவர் கேட்டார்: "என்னடா ஆச்சு உனக்கு? எங்க எல்லாருக்கும் கியர் செட் பண்ணித் தர்றவனே நீதான். உன் வண்டிக்கு இப்படியா பண்ணி வெப்பே?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் கன்ட்ரோலரைப் பார்த்தார்.

இவர்தான் அத்தனை பேருக்கும் கியர் வைத்துக் கொடுக்கிறவராம்! நான் ஆறாவதை நீட்ட நீட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டு, நேர் ரோட்டில் ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். நான் ஜெயித்த ஒவ்வொன்றும் அவர் போட்ட மரியாதை. தினமும் பழகினதில் என் ஓட்டம் தேறியதை, கியரால் தேறியது என்று நானும் நம்பியிருக்கிறேன்.

இதை நான் கண்டுபிடித்திருக்க வேண்டாமா? வெறும் சட்டத்தை மாட்டிவிட்டுத் தெரிகிறதா என்று கேட்கிறவள்தானே நான்? அவர் எழுந்து நின்று கன்ட்ரோலர் கொடுத்தபோதே தெரிந்திருக்க வேண்டும். ஜெயிக்கிற ருசியில் கண் அவிந்துபோயிற்று.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பாத்தியாம்மா? கேமுலகூட உன்கிட்ட அவரால அவரா இருக்க முடியலை. அடுத்த ஞாயிறு ஒரு வீடு பாக்கப் போறோம்."

மார்ச் 24, திங்கள்

யாரும் சரியாகப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் "ஒன்பதாவது, பத்தாவது, காபி வேணுமா?" என்று கேட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று மாப்பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்தேன். கடையில் செய்வதை அப்படியே செய்தேன். அவரை முதுகைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு விதமாகக் கியர் வைத்தேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று வண்டியோடு வந்தது. எது எது என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, இரண்டிலும் ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன்.

"முதலாவதா, ரெண்டாவதா?"

"ரெண்டுமே நல்லா..."

"கடையில இந்தப் பதில் சொன்னா எழுந்திரிக்கவே விடமாட்டேன் மாப்பிள்ளை. முதலாவதா, ரெண்டாவதா?"

வாசல் பக்கம் பார்த்தார். மகள் வந்து காப்பாற்றுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. பிறகு மெதுவாக, ரெண்டாவதுங்க என்றார். ஏன் என்றேன். தெரியலைங்க என்றார். தெரியாமல் எப்படிச் சொன்னீர்கள் என்றேன். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. உங்க ஆறாவது கியர் சுத்தமா தப்புங்க. அந்த ரோட்டுல அது எதுக்குமே ஆகாது. அஞ்சாவதும் தப்பு. நாலாவது மட்டும் நல்லா வெச்சிருக்கீங்க."

சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் வந்து மோதியது. இந்த மனிதர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. நேர் ரோடு முடியும் இடத்தில் எந்த வேகத்தில் இருக்கிறோமோ, அந்த வேகத்துக்கு ஆறாவதை வைக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வேண்டாம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். கன்ட்ரோலரை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி ஃபைனல் டிரைவை நகர்த்தினார்.

சூட்டோடு சூடாக நான் விடவில்லை. "டீயில சர்க்கரை கூடவா, குறைச்சலா?"

"அது பரவா..."

"கூடவா, குறைச்சலா?"

"கூடங்க. குடிக்கவே முடியலைங்க."

இத்தனை நாளும் அதைக் குடித்திருக்கிறார்! அப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது. மாடி அறையில் கட்டில் ஜன்னலுக்கு நேரே இருப்பதால் விடிந்ததும் முகத்தில் வெயிலாம். மாமா காலையில் வைக்கிற ரேடியோ தலைக்குள்ளேயே பாடுகிறதாம். ரேடியோ பேச்சு வந்ததும், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமா சத்தமில்லாமல் நழுவிவிட்டார்.

எல்லாம் சொல்லி முடித்து முகம் வெளிறிப்போய், நீங்களும் ஏதாவது சொல்லுங்க அத்தை என்றார். ஈரத் துண்டை நாற்காலியில் போடுகிறீர்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது என்றேன். அவர் சிரித்தார். இத்தனை நாளில் பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 26, புதன்

மகளிடம் பெருமையாகச் சொன்னேன். "ஒரு நாள் வாய் திறந்தா ஆச்சாம்மா?" என்றாள். வீடு பார்க்கப் போவது போவதுதானாம். அவள் சொல்வதும் நியாயம்தான். ஒரு நாள் எழுத்துகளைச் சரியாகப் படித்துவிட்டார் என்று யாரையும் கண்ணாடியைக் கழற்றச் சொல்ல மாட்டேனே நான்.

மார்ச் 29, சனி

மறுபடி ரேஸ். கியர் முழுக்க அவர் வைத்தது, நாலாவது மட்டும் என்னுடையது. ஹாலில் சத்தம் காதைப் பிளந்தது. கடைசிச் சுற்றில் நான் முன்னால், அவர் எனக்குப் பின்னால். பழைய ஞாபகத்தில், மாப்பிள்ளை நமக்குப் பின்னால்தானே வருவார் என்று நிம்மதியாக வளைந்தேன்.

"அத்தை, தள்ளுங்க!"

தள்ளுவதற்குள் இடித்தார். நான் மணலில் போய் விழுந்தேன். அவர் மூன்றாவது, நான் எட்டாவது. ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. வழியை அடைத்துக்கொண்டு நின்றால் என்னங்க பண்றது என்கிறார், என்னையே!

மகள் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

வீடு பார்க்கப் போய்விட்டு வந்தார்கள். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டுவிடக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். நல்ல வெளிச்சமான வீடு என்று மகள் அவள் அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஏப்ரல் 2, புதன்

கடையிலிருந்து வந்து ஹாலில் கால் வைத்ததும் முழங்காலில் இடித்துக்கொண்டேன். சோபா வழக்கமான இடத்தில் இல்லை. டிவிக்கு நேரே நடு ஹாலுக்கு வந்திருந்தது. வீட்டுக்காரரின் நாற்காலி மூலைக்குப் போயிருந்தது. டிவியின் ஒயரெல்லாம் சுவரோரமாக வரிசையாகக் கிளிப் வைத்து, ஆணி அடித்து இழுத்திருந்தது. புது வெள்ளைச் சுவர், போன வருடம்தான் அடித்தோம்.

மூலையிலிருந்து வீட்டுக்காரர் பொருமினார். "உன் மாப்பிள்ளை சாயங்காலம் வந்தாரு, சுத்தியலை எடுத்தாரு, ஆரம்பிச்சுட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கணுமே? அந்த நாற்காலி அங்க எத்தனை வருஷமா இருக்கு?"

உங்களைக் கேட்கவே இல்லையா என்றேன். இல்லையாம். மகளைக் கேட்டாரா? அவள் இன்னும் வேலையிலிருந்தே வரவில்லை.

நான் அந்த சோபாவில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். மாடியில் ஜன்னலோரத்திலிருந்து கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது.