காலாண்டுக்கு ஒரு பூ

போன வாரம் ஒரு சாயங்காலம் உன் போன் சத்தம் போட்டது. நந்தினி அதை இன்னும் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறாள்; அதில் இருக்கும் உன் வீடியோக்கள் பாப்பாவுக்கு வேண்டும். அந்த விமானக் கம்பெனியைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் மணி அடிக்கும்படி நீ செட்டிங் போட்டு வைத்தாயே, அது அப்படியே இருக்கிறது. எடுத்துவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "வேண்டாங்ணா, கெடக்குட்டும்" என்றாள் உன் மனைவி. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அமெரிக்காவில் பொழுது விடிந்து அவர்கள் கணக்கை வெளியிடும் நேரத்தில், உன் வீட்டு அலமாரியின் மேலிருந்து நீயே கூப்பிடுவதுபோல் அது அடிக்கிறது. எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

"அண்ணா, அவரு போன் அடிச்சுதுங்க. நல்ல சேதியாட்ட இருக்குது. கையில ரொக்கம் மிஞ்சியிருக்குதுன்னு போட்டிருக்கான்."

மெஷினை நிறுத்திவிட்டு அறிக்கையைத் திறந்தேன். அவள் சொன்னது சரி. வெகுகாலத்துக்குப் பிறகு செலவு போக ரொக்கம் மிஞ்சியிருக்கிறது. விமானங்கள் கைமாறியிருக்கின்றன. கையிருப்பு ஆர்டர் வருடக்கணக்கில் நீள்கிறது. மாத உற்பத்தியை இன்னும் ஏற்றப்போகிறார்கள். நஷ்டம் முழுசாகத் தீரவில்லை, ஆனால் சுருங்கிவிட்டது. நீ காத்துக்கொண்டிருந்த காலாண்டு இதுதான்டா. அறிக்கையை மூடிவிட்டு உன் நம்பரைத் தேடினேன். தேடிய பிறகுதான் உறைத்தது.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் எழுதுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, கேட்கிற ஆள் நீதான்.

உங்கய்யன் கோழிப் பண்ணையை விட்டபின் காலியாகக் கிடந்த ஷெட்டில்தான் நாம் உலோகம் கடையும் கம்ப்யூட்டர் மெஷினைப் போட்டோம். கல்லூரியில் ஒரே பெஞ்சு, ஒரே பாடத்தில் அரியர், பிறகு ஒரே தொழிலில் பாதிப் பாதி. நீ புரோகிராம் எழுதினாய், நான் அளவு பார்த்தேன். பெங்களூரில் விமானக் கதவு செய்யும் ஒரு கம்பெனி நமக்கு ஒரே ஒரு உருப்படி கொடுத்தது. சரக்கு அறைக் கதவின் கீலுக்குள் உட்காரும் புஷ்; கட்டைவிரல் பருமன். அதைக் கதவில் கோத்து அவர்கள் அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். தணிக்கைக்கு வந்த ஆள் மெஷினுக்கு அடியில் குனிந்து ஒரு கோழி இறகைப் பொறுக்கி உன் முகத்துக்கு நேரே நீட்டினான். நீ அசரவில்லை.

"பறக்கற பொருள்தானுங்க சார் செய்யறோம். இறகு இருந்தா ஆகாதுங்களா?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே குறை என்றும் எழுதிக்கொண்டான். ஷெட் முழுக்க வலை அடித்தோம்.

காலாண்டு முடிவு வரும் சாயங்காலம் உனக்கு நோன்பி மாதிரி. போண்டா வாங்கிவந்து வைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனித் தலைவர் பேசுவதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாய். நான் லாபமா நஷ்டமா என்று கடைசி வரியைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன். "அத உடு மாப்ள. எத்தன விமானம் கைமாறுச்சுன்னு பாரு" என்பாய். விமானம் வாங்குகிறவன் பெரும்பகுதிப் பணத்தை வண்டியை எடுக்கிற அன்றைக்குத்தான் தருவான். செய்து முடித்து மைதானத்தில் நிறுத்திவைத்ததெல்லாம் லாரி ஏறாத முட்டை. "பண்ணையில எத்தன கோழின்னு ஏன்டா கேக்கற, எத்தன லாரி ஏறுச்சுன்னு கேளு." நாமக்கல்காரனுக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்வாய். "எங்கய்யன் கல்யாணத்துக்கும் கெணத்துக்கும் அம்மங்கிட்டப் பூக் கேக்கறாப்ல, வெள்ளக்காரன் மூணு மாசத்துக்கு ஒருக்கா உக்காந்து பூக் கேக்கறான். வலது உழுந்தா ஷேர் ஏறுது, இடது உழுந்தா எறங்குது."

"பூ விழறது காம்பு ஈரத்தைப் பொறுத்தது. இது வரவு செலவு. ரெண்டையும் ஒண்ணாப் பேசாத" என்று எரிந்து விழுவேன். "அவனுந்தான் எதனால உழுந்துச்சுன்னு தெரியாம முழிக்கறான்" என்று சொல்லிவிட்டு என் போண்டாவையும் எடுத்துக்கொள்வாய்.

பிறகு அவர்களுடைய விமானங்கள் தரையில் நின்றன. ஏன் நின்றன என்று ஊருக்கே தெரியும், மனிதர்கள் செத்திருந்தார்கள். அன்றைக்கு நீ சோறு தின்னவில்லை. கதவுப் புஷ்ஷுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், எழுந்து வேலையைப் பார் என்றேன். "சம்பந்தம் இல்லீன்னு எனக்குந் தெரியும்டா" என்றாய், அவ்வளவுதான். நோய்க்காலமும் சேர்ந்து வந்தது. விமானம் வாங்கவே ஆளில்லை. பெங்களூரிலிருந்து வந்த மெயில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: ஆர்டர் ரத்து இல்லை, தள்ளிவைக்கப்படுகிறது. மெஷினைக் குளிர்விக்கும் கூலண்ட் தொட்டியில் அழுகி நாறியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, மறுபடி கோழி வளர்க்கிறோமா என்று விசாரித்தார்.

விற்றுவிடலாம் என்றேன். துருப்பிடித்தபிறகு விற்பதைவிட இப்போதே விற்பது மேல். நீ வேண்டாம் என்றாய். கம்பெனி மீளும், மீளும்போது மெஷின் இருக்கிறவனுக்குத்தான் வேலை என்றாய். பேசிப் பேசி நமக்குள் முகம் சுண்டிப்போனது. கடைசியில் உங்கய்யன்தான், "சண்ட எதுக்கு சாமி? அம்மங்கிட்டப் பூக் கேட்டுப் போட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

உங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் அரளிப் பூ வைத்தார். அம்மனுக்கு வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் என்றால் கூடாது. கேட்பதை மனதுக்குள் கேட்க வேண்டும், வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது முறை. நீ கண்ணை மூடிக் கும்பிட்டாய். நான் தூணோரம் நின்று மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணைத் திறப்பதற்குள் வலப்பக்கத்துப் பூ விழுந்துவிட்டது. உங்கய்யனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெஷினை வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். விற்கும் பேச்சை விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, உன் மச்சானுடைய போர்வெல் போடும் ரிக் வண்டியில் நீ பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாய்.

"என்றா இது?"

"சத்தீஸ்கர் போறன். கம்ப்ரசர் பாத்துக்க ஆள் இல்லயாமா. மெஷின் கடனுக்குக் கட்டறது இதுல வந்துரும்."

"பூ விழுந்துச்சே. மெஷின வெச்சுக்க உத்தரவுன்னு உங்கய்யன் ஊரெல்லாம் சொன்னாரே?"

நீ சிரித்தாய். "நான் கேட்டது ரிக்கோட போலாமான்னு மாப்ள. மெஷின வெச்சுக்கலாமான்னு நான் எங்க கேட்டேன்? நான் போனாத்தான மெஷின் நம்மகிட்ட நிக்கும்."

நந்தினி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். பாப்பா அவள் இடுப்பில் இருந்தது. "வாரேன்" என்று சொல்லி ஏறிக்கொண்டாய்.

அங்கிருந்தும் நீ காலாண்டை விடவில்லை. சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று கூப்பிடுவாய். பின்னால் கம்ப்ரசர் இரையும். கடைசியாகக் கூப்பிட்டபோது குரல் கம்மியிருந்தது. சும்மா காய்ச்சல், மாத்திரை போட்டிருக்கிறேன் என்றாய்.

"சரி சொல்லு. என்னவாமா?"

"நஷ்டந்தான்."

"போன தடவைக்கு?"

"கம்மி."

"கம்மியா? அப்பச் சரி. இனி ஏறும் பாரு. அடுத்த தடவைக்கு நேர்ல வந்து கேக்கறேன், போண்டா சொல்லி வை."

அது சும்மா காய்ச்சல் இல்லை. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு உன் மச்சான் ரிக் வண்டியிலேயே கொண்டுபோயிருக்கிறார். காட்டுவழி. போய்ச் சேரும்போது நீ இல்லை.

அடுத்த காலாண்டில் நஷ்டம் இன்னும் குறைந்தது. அதற்கடுத்ததில் கொஞ்சம் கூடியது, பிறகு மறுபடி இறங்கியது. ஒவ்வொரு முறையும் உன் போன் அடித்தது, ஒவ்வொரு முறையும் நந்தினி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஸ்பீக்கரில் அந்தத் தலைவர் நிதானமாகப் பேசுவார். கடினமான காலத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம், முதலீட்டாளர்கள் பொறுமை காட்டியதற்கு நன்றி என்பார். நான் ஆளில்லாத ஷெட்டில் உட்கார்ந்து கேட்பேன். உனக்குப் பின்னால் இரைந்த அந்தக் கம்ப்ரசர் எனக்கு அதில் கேட்கும். இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போவேன். வீட்டிலும் கேட்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆர்டர் திரும்பி மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. இப்போது பெங்களூரிலிருந்து மெயில் வந்திருக்கிறது. மாதா மாதம் அனுப்புவதை இரட்டிப்பாக்க வேண்டும். இன்னொரு மெஷின் போட வேண்டும், இரண்டு ஷிப்ட் ஓட்ட வேண்டும். முடியாது என்றால் உருப்படியை மொத்தமாக வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் பங்குதாரர் இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். உன் பாதி இப்போது நந்தினியுடையது.

காகிதத்தோடு உன் வீட்டுக்குப் போனேன். எனக்கு இழுத்துப் பேச வராது. "போட்டா ஷெட் ஓடும். போடலைன்னா இழுத்து மூடணும். அவ்வளவுதான் நந்தினி" என்றேன்.

"அந்தக் கம்பெனி தேறி வாரதுக்கு நம்மூட்ல ஒராளு போயாச்சுங்ணா. இன்னும் என்ன வேணுமாமா அவுங்களுக்கு?"



காகிதத்தை மடித்து அவளே கையில் எடுத்துக்கொண்டாள். "கோயிலுக்குப் போலாங்ணா. பூக் கேட்டுப்போட்டுப் போடறேன்." கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடிக்கணக்கில் புரளும் கம்பெனியின் கணக்கு என் போனில் இருக்கிறது, இவள் அரளிப் பூவைக் கேட்கப் போகிறாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் வண்டியை எடுத்தேன்.

இன்று மத்தியானம். கோயிலில் நாங்களும் பூசாரியும்தான். அவர் பூ வைத்துவிட்டு, "மனசுல நெனச்சுக்க கண்ணு" என்றார்.

"இல்லீங்க. நான் வாயத் தொறந்துதான் கேப்பேன்."

"அது மொறையில்ல சாமி."

"அவரு மனசுக்குள்ள கேட்டாரு. என்ன கேட்டாருன்னு எங்க யாருக்கும் தெரியில. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா கால்ல உழுந்தாவது தடுத்திருப்பேன்." அம்மனைப் பார்த்து, ஆளைக் கூப்பிடுவது போலச் சத்தமாகக் கேட்டாள்: "இந்த ஆர்டர எடுக்கறோம். இந்த அண்ணனோ, வேற யாரோ, இதுக்காவ ஊர உட்டுப் போகாம நடக்கும்னா வரங் குடு. இல்லீன்னா வேண்டாம்."

அப்போதுதான் பார்த்தேன். கருவறை வாசலில், அம்மனுக்கு இடப்பக்கச் சுவரில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நேராகச் சிலைமேல் காற்று. மாலையின் நார் எல்லாம் ஒரே பக்கமாக, அம்மனுக்கு வலப்பக்கமாகப் படபடத்தது. இந்தக் காற்றில் யார் எதைக் கேட்டாலும் பூ வலப்பக்கம்தான் விழும். எனக்கு வேண்டியதும் அதுதான். சும்மா நின்றிருந்தால் போதும்.

போய் சுவிட்சை அணைத்தேன்.

"என்ன தம்பி, இந்த வெக்கையில?"

"காத்துல விழுந்தா கணக்குல சேராதுங்க."

நந்தினி திரும்பி என்னைப் பார்த்தாள். நாங்கள் நின்றோம். மாலை அசையவில்லை. முதுகில் சட்டை ஒட்டியது. பூசாரி துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துவிட்டார். இடப்பக்கத்துப் பூவை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அது விழுந்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். காம்பு ஈரம் என்று சொன்ன அதே ஆள்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வலப்பக்கத்துப் பூ தானாகச் சரிந்து, அம்மனின் கையில் பட்டு, கீழே விழுந்தது.

நந்தினி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, காகிதத்தைக் கோயில் படியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். மெஷினுக்கு நாளைக்கே சொல்லிவிடுவேன். ஆள் இரண்டு பேர் ஓமலூரிலிருந்து வருகிறார்கள். ஷெட் ஓடும்.

கிளம்பும்போது பூசாரியிடம் கேட்டேன், அந்த விசிறி எப்போது மாட்டியது என்று. "அது கெடக்குதுங்க ரொம்ப வருசமா. கரண்டு இருந்தா ஓடும், இல்லீன்னா நிக்கும்" என்றார்.

நந்தினியை வீட்டில் இறக்கிவிட்டு ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதை அவளிடம் சொல்லமாட்டேன், உங்கய்யனிடமும் சொல்லமாட்டேன். நீ கண்ணை மூடி நின்ற அந்த நாளில் கரண்ட் இருந்ததா, அந்த விசிறி ஓடியதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் வெயில்காலம், அன்றைக்கும் மத்தியானம். தூணோரம் நின்ற என்னை எவ்வளவோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். எனக்கு வேர்த்ததாக நினைவில்லை.