சுவர் ஈரமாக இருக்கிறது

காஞ்சிபுரம்,
9-1-1972

அன்புள்ள தையல்நாயகிக்கு,

கலாவதி எழுதுவது. முதுகுளத்தூர் வெயில் உனக்குப் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். ஒரு வருடம் எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று பிரிக்காமல் வைத்துவிடாதே.

நம் சரகக் கல்வி ஆபீசில் இந்த வருடம் வேலை அதிகம். நவம்பரில் அறிவியல் கண்காட்சி நடந்தது. பிள்ளையார்பாளையத்துப் பெண் ஒருத்தி சைக்கிள் சக்கரத்தை வைத்துப் பட்டு நூல் சுற்றும் இயந்திரம் செய்து முதல் பரிசு வாங்கினாள். கட்டுரைப் போட்டிக்கு வாலாஜாபாத் பக்கத்துப் பிள்ளைகள்கூட நிறைய வந்தார்கள். எல்லா அழைப்பிதழிலும் துணை ஆய்வாளர் என்று என் பெயர்.

எல்லா விழாவுக்கும் செல்லியம்மாளும் வருகிறாள். உன் பள்ளியில் எட்டாவது படித்த ரேணுகாம்பாளின் அம்மா. நூல் சுற்றுகிற வேலையைப் போட்டுவிட்டு வந்து கடைசியில் நிற்பாள். பரிசு கொடுத்து முடிந்ததும் என்னிடம் வந்து, "எம் பொண்ணு பேரு இருக்குதா, பாரும்மா" என்பாள். இருக்காது என்று அவளுக்கும் தெரியும். முதல் தடவை அவள் மனம் ஆறட்டும் என்று பட்டியலை மேலிருந்து கீழே படித்துக் காட்டினேன். இப்போது அவள் கேட்காவிட்டாலும் படிக்கிறேன். மழை பெய்தால் எனக்குச் சுண்ணாம்பு வாசனை வருகிறது. எழுந்து போய் ஆபீஸ் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். பியூன் வரதராஜன் ஒருநாள், "இன்னாம்மா தேடிக்கினு இருக்கீங்க" என்று கேட்டார்.

போன மாதம் சாரணியர் முகாமுக்கு உத்தரவு வந்தது. அதே வாலாஜாபாத், அதே பழைய அரிசி மில் கொட்டகை. விழுந்த சுவரைப் புதிதாகக் கட்டி வெள்ளையடித்திருக்கிறார்கள். கட்டடம் நன்றாயிருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போய்ப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் கை வைத்தேன். விரல் நனைந்தது.

உன் கடிதம் என்னிடம்தான் இருந்தது, தையல். சுவர் விழுந்த அந்த முகாமுக்கு நாலு நாள் முன்னால் நீ எழுதியது. சுவர் ஈரமாக இருக்கிறது, மழை விடும்வரை முகாமைத் தள்ளிப்போடுங்கள் என்று. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று அதை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். மூன்றாம் நாள் பிள்ளைகள் காலைக் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது சுவர் சரிந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ரேணு தட்டை எடுக்கத் திரும்பினாள்.

விசாரணையில் நீ, "எழுதினேன் சார்" என்றாய். அப்படி எதுவும் வரவில்லை என்று நான் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பழி உன்மேல் விழுந்தது, உன்னை முதுகுளத்தூருக்கு மாற்றினார்கள்.

திங்கட்கிழமை உன் கடிதத்தையும், நடந்ததை எழுதி நான் கையெழுத்திட்ட தாளையும் சென்னைக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இந்தத் தடவை முகாமைத் திருப்பருத்திக்குன்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று எனக்கு சஸ்பெண்டு உத்தரவு வந்தது. மறுவிசாரணைக்கு உன்னையும் கூப்பிடுவார்கள். எனக்காக எதையும் குறைத்துச் சொல்லாதே.

நேற்று சாயங்காலம் செல்லியம்மாள் வீட்டுக்கும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் நூல் ஓடிக்கொண்டே இருந்தது. ஏசட்டும் என்று நின்றேன். நூலைப் பார்த்தபடியே, "அந்த டீச்சரம்மா முன்னாடியே சொல்லிட்டாங்களா? பஸ் ஸ்டாண்டுல அவங்க மேல மண்ணை வாரித் தூத்தினேனே" என்றாள். அப்புறம் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

கிளம்பும்போது, உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். விசாரணைக்கு வரும்போது ஒரு நாள் முன்னதாகவே வா. நேரே பிள்ளையார்பாளையத்துக்குப் போ. என் வீட்டுக்கு வர வேண்டாம். நீ அவள் வீட்டுக்குப் போனாய் என்று யாராவது வந்து சொன்னால் எனக்குப் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கலாவதி