பயாஸில் போட்ட பூட்டு

17-6-2003, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து வந்தவனைச் சைக்கிளை நிறுத்தக்கூட விடவில்லை மேரி. "ஏங்க, வேலைய வுட்டுடப் போறீங்களாமே? அந்தோணி அண்ணன் சொல்றாரு. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள். அழுதிருக்கிறாள்.

விருப்ப ஓய்வு கேட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்து வைத்திருந்தேன். கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாதென்றுதான் போன வாரம் பயாஸில் பாஸ்வேர்டு போட்டேன். அதை அடிக்காவிட்டால் கம்ப்யூட்டர் முதல் திரையிலேயே நின்றுவிடும்.

அடுத்த குவார்ட்டர்ஸ் அந்தோணி, நான் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுகிறேன் என்று வந்து உட்கார்ந்து, திறந்து, கடிதத்தைப் படித்தும் விட்டார். போய்க் கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லை. "டோக்கன் நம்பரத் தவிர நீ வேற என்னத்த வெக்கப் போற? நம்ம செக்ஷன்ல எல்லாரும் அதத்தான் வெச்சிகினு இருக்கோம்" என்று இளித்தார். அவர் சொன்னதும் பொய்யில்லை. மைன்ஸில் கொடுத்த அந்த எண்ணைத்தான் சைக்கிள், ஹெல்மெட், சாப்பாட்டு டப்பா என்று எல்லாவற்றிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

மாற்றிவிடலாம் என்று சற்று முன் உட்கார்ந்தேன். புது பாஸ்வேர்டு கேட்டது. மேரியின் பிறந்த தேதியைப் போடலாம் என்றால் நினைவுக்கு வரவில்லை. அவளிடம் கேட்கலாம் என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். யோசித்துக்கொண்டே இருந்தேன். விரல் தானாக அதே டோக்கன் நம்பரை அடித்து முடித்திருந்தது.

சீ, என்ன பிழைப்பு இது.